சீர்திருத்தச் சபையினர் இலவசமாகத் தரும் விவிலியத்தைக் கத்தோலிக்கர் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி

அன்பார்ந்தவர்களுக்கு வணக்கம். என் தந்தைக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது, சீர்திருத்தச் சபை (புரோட்டஸ்டண்டு) அமைப்பொன்றைச் சேர்ந்தவர்கள் மருத்துவமனைக்கு வந்து, படுக்கை படுக்கையாகச் சென்று, சட்டைப் பைக்குள் அடங்கும் புதிய ஏற்பாட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். நாம் திருப்பாடல்கள் என்று சொல்வது அதில் சங்கீதம் என்ற பெயரில் இருக்கிறது. நீதிமொழிகளும் உடன் சேர்க்கப்பட்டுள்ளன. தந்தையால் வாசிக்க இயலாத அந்த நாள்களில் ஒவ்வோர் இரவும் நான் அதிலிருந்து ஒரு பகுதியை வாசித்துக் காட்டினேன். ஆண்டவரை ஆயராகப் பாடும் திருப்பாடல் 22 ஆம் எண்ணில் இருந்ததாகத் தந்தைக்கு நினைவு. இந்தப் புத்தகத்தில் அது 23 ஆக இருந்தது அவரைச் சற்றுக் குழப்பியது.

வீடு திரும்பிய பின், அத்தை அதைப் பார்த்துவிட்டு, இத்தகைய புத்தகங்களை வைத்திருப்பதைத் திருச்சபை தடை செய்திருக்கிறது, எடுத்துப் போட்டுவிடு என்றார். கடைசிப் பக்கத்தில், கிறிஸ்துவை மீட்பராக ஏற்றுக்கொள்வதாக ஒரு செபமும், கையொப்பமும் தேதியும் இடுவதற்கான கோடுகளும் உள்ளன. அவருடைய அச்சத்துக்கு அதுவே முக்கியக் காரணம். உண்மையிலேயே தடை இருக்கிறதா? நோயுற்றோருக்கு இறைவார்த்தையைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றியாக ஏதேனும் நன்கொடை அளிக்க விரும்புகிறேன், அது முறையாகுமா?

மறுமொழி 1: மறைக்கல்வி ஆசிரியர்

தங்கள் அத்தை இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் இருந்ததைத்தான் சொல்கிறார். ஆகவே அவரை மறுத்துப் பேசுமுன் அந்த வரலாற்றை அவருக்கு மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். பிரித்தானிய, வெளிநாட்டு விவிலியச் சங்கம் 1804 இல் தோன்றியபின் விவிலியங்கள் பெருமளவில் அச்சாகிப் பல நாடுகளுக்கும் செல்லத் தொடங்கின. திருத்தந்தை பன்னிரண்டாம் லியோ 1824 இலும், பதினாறாம் கிரகோரி 1844 இலும் இச்சங்கங்களைக் கண்டித்துச் சுற்றுமடல்கள் எழுதினார்கள். ஒன்பதாம் பயஸ் 1864 இல் வெளியிட்ட தவறுகளின் பட்டியலிலும் விவிலியச் சங்கங்கள் இடம்பெற்றன. 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், கத்தோலிக்கர் அல்லாதோர் வெளியிட்ட விவிலியங்களைப் பொதுவாக விலக்கி, இறையியலும் விவிலியமும் கற்போருக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு இடமளித்தது. இந்தக் கண்டனங்களை இன்று வாசிப்பவர்கள், மக்கள் விவிலியத்தைத் தொடுவதையே திருச்சபை அஞ்சியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில நூல்கள் நீக்கப்பட்ட, விளக்கக் குறிப்பு ஏதுமில்லாத, மக்களைத் திருச்சபையிலிருந்து பிரிக்கும் எண்ணத்தோடு பரப்பப்பட்ட பதிப்புகளைப் பற்றியதே அன்றைய மேய்ப்பர்களின் கவலை. எனினும், சாதாரண மக்கள் விவிலியத்தைத் தாங்களாக எடுத்து வாசிக்கவே தயங்கும் மனநிலை அதனால் பல குடும்பங்களில் வேரூன்றியது என்பதையும் நாம் மறைக்கலாகாது.

அந்தத் தடை இன்று இல்லை. தடை செய்யப்பட்ட நூல்களைக் குறித்த பழைய சட்டப்பிரிவு 1966 இல் நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, மறைநூலை அணுகும் வழி கிறிஸ்துவை நம்புவோர் அனைவருக்கும் அகலத் திறந்திருக்க வேண்டும் என்றும், திருச்சபையின் ஒப்புதலோடு பிரிந்த சகோதரருடன், அதாவது கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவருடன், இணைந்து மொழிபெயர்க்கலாம் என்றும் கூறுகிறது. அதன் விளைவாக 1968 இல் வத்திக்கானின் கிறிஸ்தவ ஒன்றிப்புச் செயலகமும் ஐக்கிய விவிலியச் சங்கங்களும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்புகளுக்கான நெறிமுறைகளை வகுத்தன. கண்டனத்துக்கு உள்ளான சங்கங்களின் வழிவந்தவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து இறைவார்த்தையை மொழிபெயர்க்கும் நிலை ஏறத்தாழ நூறாண்டுகளில் உருவானதை நான் தூய ஆவியாரின் செயலாகவே காண்கிறேன்.

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இரு தரப்பாருக்கும் பொது. திருப்பாடல்கள் 150 என்பதிலும் வேறுபாடு இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பு 9, 10 ஆம் பாடல்களை ஒன்றாக்கியதால், அதைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் பெரும்பாலான எண்கள் ஒன்று குறைந்து வரும். தங்கள் தந்தையின் நினைவில் பிழை இல்லை. புத்தகத்தைத் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2: முன்பு விநியோகித்தவர்

பல ஆண்டுகள் நானே இத்தகைய புதிய ஏற்பாடுகளைச் சுமந்து சென்று கொடுத்தவன்; பின்னர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தேன். கொடுப்பவர்களில் நான் அறிந்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தையும் ஓய்வு நேரத்தையும் செலவிட்டு, ஒவ்வொரு பிரதிக்காகவும் மன்றாடிவிட்டுக் கொடுத்தவர்கள். ஆகவே, அவர்களை வேட்டைக்காரர்களைப் போலச் சித்திரிப்பதை என்னால் ஏற்க இயலாது. இவ்வமைப்புகளில் பலருக்கும் தெரிந்த கிதியோன் அமைப்பு 1899 இல் அமெரிக்காவில் பயண வணிகர்களால் தொடங்கப்பட்டது. 1908 இல் மொன்டானா மாநிலத்தில் ஒரு தங்கும் விடுதியின் அறைகளில் விவிலியங்களை வைத்ததுதான் அவர்களுடைய பணியின் தொடக்கம். அதன் உறுப்பினர்கள் சீர்திருத்த, நற்செய்தி சார்ந்த சபைகளைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. கத்தோலிக்கர் உறுப்பினராக இயலாது.

தங்கள் அத்தை சுட்டிய கடைசிப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிறிஸ்துவை மீட்பர் என்று மனமார ஏற்று மன்றாடுவதில் எந்தக் கத்தோலிக்கருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால், அந்தப் பக்கத்தில் கையொப்பமிட்ட நாளே மீட்பு நிறைவேறிய நாள் என்ற எண்ணத்தோடுதான் நாங்கள் அதைக் கொடுத்தோம். தங்கள் தந்தை திருமுழுக்கிலேயே கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டவர். நற்கருணையிலும் ஒப்புரவிலும் அந்த உறவு நாளும் புதுப்பிக்கப்படுகிறது. அருளடையாளங்களை ஒரு கையொப்பத்தால் ஈடு செய்ய இயலாது என்பதை உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தக் கோடுகளை வெறுமையாக விட்டுவிட்டு, மற்ற பக்கங்களை வாசியுங்கள்.

மறுமொழி 3: விவிலிய வகுப்பு நடத்துபவர்

முந்தைய இருவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் அவர்களைவிடச் சற்றுக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. தாங்கள் பெற்றது புதிய ஏற்பாடு என்பதால் நூல் குறைபாடு வெளியே தெரியவில்லை. முழு விவிலியமாகக் கொடுத்திருந்தால் 73 நூல்களுக்குப் பதிலாக 66 மட்டுமே இருந்திருக்கும். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் முதல், இரண்டாம் நூல்கள் ஆகியவற்றோடு, எஸ்தர், தானியேல் நூல்களின் சில பகுதிகளும் அதில் இரா. லூத்தர் 1534 இல் வெளியிட்ட விவிலியத்திலும், 1611 ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இவை தனிப் பகுதியாக அச்சிடப்பட்டிருந்தன. இவற்றை அச்சிடப் பணம் செலவிடுவதில்லை என்று பிரித்தானியச் சங்கம் 1826 இல் கடும் விவாதத்துக்குப் பின் முடிவெடுத்ததுதான், இலவசப் பிரதிகளில் இவை காணாமற்போனதற்குப் பெருங்காரணம். கையில் கிடைத்ததே முழு விவிலியம் என்று நம்பும் ஒருவர், எதை இழந்தோம் என்பதையே அறியாமல் இருந்துவிடுகிறார். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

மொழிபெயர்ப்பையும் கவனியுங்கள். வானதூதர் மரியாவை வாழ்த்தும் இடத்தில் நம்முடைய பதிப்பு 'அருள்மிகப் பெற்றவரே' என்கிறது. பழைய சீர்திருத்தப் பதிப்போ 'கிருபை பெற்றவளே' என்கிறது. ஒரு சொல்லில் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்று பாருங்கள். மேலும், கொடுப்பவர் யார் என்றும் கேட்டறியுங்கள். யெகோவாவின் சாட்சிகள் வழங்கும் பதிப்பு, யோவான் நற்செய்தியின் முதல் வசனத்திலேயே வாக்கு கடவுளாய் இருந்தது என்பதை மாற்றி எழுதுகிறது. அவர்களைச் சீர்திருத்தச் சபையினரோடு சேர்த்து எண்ணுவது சீர்திருத்தச் சபையினருக்கே இழைக்கும் அநீதியாகும்.

நன்கொடை குறித்து என் கருத்து இது: கொடுத்தவர்களுக்கு நேரில் நன்றி சொல்லுங்கள், அவர்களுக்காக மன்றாடுங்கள், பணத்தை, ஒப்புதல் பெற்ற முழு விவிலியத்தை வாங்க இயலாத ஒருவருக்குக் கொடுக்கச் செலவிடுங்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஏப்ரலில் புனித பேதுரு சதுக்கத்தில் கூடியவர்களுக்குச் சட்டைப் பை அளவிலான நற்செய்தி நூல்களை இலவசமாக வழங்கச் செய்தார். நோயாளியின் படுக்கையருகே நாம் முதலில் சென்றிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. திருத்தூதர் பணிகள் நூலில், மறைநூலை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய அதிகாரி, யாரேனும் விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்று பிலிப்பிடம் கேட்டது என் வகுப்பில் நான் மீண்டும் மீண்டும் சொல்லும் பகுதி. நூலைக் கொடுத்துவிட்டு விலகுவதோடு நம் கடமை முடியாது, அருகில் அமரவும் வேண்டும்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. தடையின் வரலாற்றை அத்தையிடம் அமைதியாக வாசித்துக் காட்டினேன். தம் இளமையில் கேட்டது பொய்யில்லை என்று அறிந்ததே அவருக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. புத்தகம் தந்தையின் மேசையில் இருக்கிறது. கடைசிப் பக்கம் நிரப்பப்படவில்லை. வீட்டில் இருந்த 73 நூல்களைக் கொண்ட விவிலியத்தை அத்தையே எடுத்துவந்து, தோபித்து நூலைத் திறந்து என்னிடம் கொடுத்தார். பார்வை இழந்த தந்தையின் கண்களில் மகன் மருந்து தடவ, வெண்புள்ளிகள் உரிந்து விழும் பதினோராம் அதிகாரத்தை நேற்றிரவு வாசித்தேன். தந்தை அதை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.