புல்வெட்டி இன்ஜின் அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது, செல்ஃப் மோட்டாரை மாற்றலாமா?

தோட்டக்குருவி: உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி, ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். சாவியைத் திருப்பினால் செல்ஃப் அரைச் சுற்று சுற்றி, முக்கி நின்றுவிடுகிறது. விட்டு விட்டுத் திருப்பினால் எப்போதாவது தாண்டிப் போய்ப் பற்றிக்கொள்ளும். அப்புறம் நன்றாகவே ஓடுகிறது. பேட்டரி புதிது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்.

மண்வாசனை: பெட்ரோல் பழசா? கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணிப் பாருங்கள்.

பழைய ஸ்பேனர்: இன்ஜினே சுற்றவில்லை, கார்புரேட்டர் என்ன செய்யும் பாவம்! பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள், பிளக் வயர் ஓரமாக இருக்கட்டும். தடையில்லாமல் சுற்றினால் செல்ஃப் மேல் குற்றமிருக்க வாய்ப்பு குறைவு. அப்போதும் திணறினால் பேட்டரி கேபிள், எர்த் முனை, அதற்கப்புறம்தான் செல்ஃப்.

தோட்டக்குருவி: பிளக் இல்லாமல் விர்ரென்று சுற்றுகிறது சார். பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது.

பழைய ஸ்பேனர்: அப்படியென்றால் டேப்பெட்டைப் பாருங்கள், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை. இந்த மாதிரி இன்ஜின்களில், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு குட்டி ஏற்பாடு இருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது, பிஸ்டன் காற்றை அழுத்தி மேலே வரும் நேரத்தில் ஒரு வால்வை மயிரிழை தூக்கிக் கொஞ்சம் கம்ப்ரஷனை வெளியே விட்டுவிடும். செல்ஃபுக்குப் பாரம் குறையும். இன்ஜின் வேகம் பிடித்ததும் அது தானாக விலகிக்கொள்ளும். டேப்பெட் இடைவெளி கூடிவிட்டால், அந்த மயிரிழைத் தூக்கலை இடைவெளியே விழுங்கிவிடும். செல்ஃப் முழுக் கம்ப்ரஷனோடு மல்லுக்கட்டும். புது செல்ஃப் போட்டாலும் இதே கதைதான்.

வால்வு கவரைக் கழற்றி, பிளக் இல்லாமல் ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இன்டேக் வால்வு மூடிய பிறகு பிஸ்டன் மேலே வரும்போது ஒரு ராக்கர் லேசாகத் தலையசைக்க வேண்டும். அசையவே இல்லையா? ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டி சுமார் 6 மில்லிமீட்டர் இறங்கியதும் அளவு பாருங்கள். உச்சியிலேயே பார்த்தால் அந்த ஏற்பாடு வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கலாம், அளவு பொய்யாகும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

தோட்டக்குருவி: ராக்கர் அசையவில்லை! எக்ஸாஸ்ட் பக்கம் 0.30 மில்லிமீட்டர் தகடு சர்வசாதாரணமாக நுழைகிறது. எவ்வளவு வைக்கலாம்?

பழைய ஸ்பேனர்: மாடலுக்கு மாடல் மாறும். பல இன்ஜின்களில் 0.10 முதல் 0.15 வரை, ஆனால் உங்கள் மாடல் எண்ணுக்கான கையேட்டு அளவுதான் கணக்கு. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பாருங்கள், இறுக்கும்போது அளவு நகரும். சரியான அளவிலும் ராக்கர் அசையாவிட்டால் கேம் ஷாஃப்டில் கோளாறு, இன்ஜினைப் பிரிக்கணும்.

தோட்டக்குருவி: கையேட்டுப்படி வைத்தேன். இப்போது ராக்கர் அசைகிறது, சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொள்கிறது. நன்றி சார். செல்ஃப் ஆர்டரை ரத்து செய்துவிட்டேன்.