ஹெட் ஃபேஸிங், புது கேம் போட்டும் 4,500க்கு மேல் இழுவை இல்லை, கீழே நாக்கிங் வேறு. எங்கே தப்பு?

எட்டுவால்வு:
வணக்கம். என்னுடையது பழைய 1.3 லிட்டர், நாலு சிலிண்டர், எட்டு வால்வு இன்ஜின். ஹெட்டில் (சிலிண்டர்களை மூடும் மேல்பாகம்) ஒற்றைக் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் டைமிங் பெல்ட், ஒரே ஒரு கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர். போர் (சிலிண்டர் விட்டம்) 76 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 71.5 மி.மீ. கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம்) 9:1 என்று மேனுவல் சொல்கிறது.

கையிலிருந்த பணத்துக்கு மூன்று வேலை பார்த்தேன். ஹெட்டின் அடிப்பரப்பை 1 மி.மீ. சீவி (ஃபேஸ் செய்து), காற்று போய்வரும் போர்ட்டிலிருந்த வார்ப்புப் பிசிறையும் தேய்த்து எடுத்தேன். டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு) கொஞ்சம் நீண்ட கேம் போட்டேன். பிறகு 4-2-1 எக்ஸாஸ்ட் (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது). ஃபேஸிங் தவிர மற்றதெல்லாம் நானே பூட்டியது.

இப்போது 2,000–3,000 ஆர்பிஎம்மில், மேடு ஏறும்போது மிதித்தால் டகடகவென்று நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம்). 4,500ஐத் தாண்டினால் மூச்சு முட்டி நிற்கிறது. பழைய கேமிலேயே 5,500 வரை தாராளமாகப் போன வண்டி இது! ஸ்ட்ரோப் லைட்டில் ஐடிலில் 10 டிகிரி அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்பே பொறி), மேனுவல்படி சரி. கம்ப்ரஷன் கேஜில் முன்பு நாலும் 165 பிஎஸ்ஐ காட்டின. இப்போது 195, 197, 195, 194.

மிச்சமிருக்கும் பணத்தில் இன்னும் ஒரே ஒரு வேலைதான் முடியும். ட்வின் கார்ப் (இரண்டு கார்புரேட்டர்) போடவா, தடித்த கேஸ்கெட் போட்டுக் கம்ப்ரஷனைக் குறைக்கவா?

ஜெட்நம்பர்:
எக்ஸாஸ்டும் கேமும் மாற்றிவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டைத் தொடவே இல்லையா? லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடுகிறது, அதுதான் நாக்கிங். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள். பிளக் என்ன நிறம்?

எட்டுவால்வு:
நேற்றே ஒரு சைஸ் ஏற்றினேன், மாற்றமில்லை. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவிய மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

லேத்வாசி:
1 மி.மீ. எடுத்ததால் கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே தூரம் குறைந்திருக்கும், அதனால் கேம் பின்தங்கியிருக்கும். அட்ஜஸ்ட் செய்கிற கேம் புல்லி ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

பழையஇரும்பு:
தம்பி, எதையும் வாங்காதீங்க. அந்த மிளகுப்பொடி நாக்கிங்கோட கையெழுத்து. ஜெட்டால அது போகாது. ரெண்டு கேள்வி. கேம் புல்லியில எத்தனை பல்? பெல்ட் பூட்டும்போது பல்லு தானா உட்கார்ந்துச்சா, இல்ல கேமைத் திருப்பி உட்கார வெச்சீங்களா?

எட்டுவால்வு:
40 பல் அண்ணா, பல்லுக்குப் பல் 9.525 மி.மீ. கிராங்க் புல்லிக் கோட்டைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் பூட்டினேன். தானாக உட்காரவில்லை. கேமை ஒரு நூல் முன்னால் திருப்பினேன், பிறகு உட்கார்ந்தது. ஃபேஸிங் செய்ததால் அப்படி என்று விட்டுவிட்டேன்.

பழையஇரும்பு:
நெனச்சேன்.

லேத்வாசி சொன்னது நடக்கிறதுதான், ஆனா அளவு போட்டுப் பாருங்க. 40 பல்லுன்னா புல்லிச் சுற்றளவு 381 மி.மீ. அதுல 1 மி.மீ. நகர்ந்தா கேம்ல ஒரு டிகிரிகூட இல்ல, கிராங்க்ல ரெண்டு டிகிரிக்குள்ள. அதுக்குப் போய் இழுவை சாகாது. ஒரு பல் தப்பினாத்தான் கேம்ல 9, கிராங்க்ல 18 டிகிரி.

அதோட கேம் பின்தங்கினா கீழ மந்தமா இருக்கும், மேல ஓடும், கேஜ்ல பிரஷர் குறையும். உங்களுக்கு மூணுமே தலைகீழ். ஒரு சிலிண்டர் 324 சிசி. 9:1ன்னா மேல மிஞ்சுற இடம் 40.5 சிசி. 1 மி.மீ. எடுத்ததுல சுமார் 3 சிசி போயிருக்கும், அப்போ 9.65:1 வருது (ப்யூரெட்ல, அதாவது அளவுக் குழாயில, அளந்தாத்தான் நிச்சயம்). இதுக்குக் கேஜ் 180ஐத் தாண்டக் கூடாது. நீண்ட கேம் இன்டேக் வால்வை (கலவை உள்ள வர்ற வால்வு) லேட்டா மூடும், அதனால இன்னும் கீழதான் நிக்கணும். 195 வருதுன்னா இன்டேக் சீக்கிரம் மூடுது. கேம் முன்னால போயிருச்சு.

என் சந்தேகமெல்லாம் கிராங்க் புல்லி மேல. நடுப்பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையில ரப்பர் ஒட்டின புல்லிதானே? வயசான ரப்பர் விட்டுக்கொடுத்தா வளையம் நழுவும், கோடும் கூடவே நழுவும். அந்தக் கோட்டை நம்பி நீங்க பெல்ட்டும் பூட்டினீங்க, இக்னிஷனும் வெச்சீங்க. ஒரே பொய் ரெண்டு இடத்துல.

சோதிக்கச் செலவே இல்ல. ஒரு பழைய பிளக்கோட பீங்கானை உடைச்சு எடுத்துட்டு, உள்ள ஒரு போல்ட்டை நிறுத்துங்க. நுனியை உருண்டையாத் தேய்ச்சிடுங்க. நாலு பிளக்கையும் கழட்டிட்டு இதை முதல் சிலிண்டர்ல திருகுங்க. கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் போட்டுக் கையால மட்டும் மெதுவாத் திருப்புங்க. பிஸ்டன் தொட்டதும் புல்லியில முள்ளுக்கு நேரா ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி, தொட்டதும் இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நட்ட நடுவுல இருக்கிறதுதான் நிஜ டாப், பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்.

எட்டுவால்வு:
இன்று செய்துவிட்டேன். கை நடுங்குகிறது அண்ணா. நிஜ டாப்புக்கும் கம்பெனிக் கோட்டுக்கும் 15 டிகிரி வித்தியாசம்! கோடு பூஜ்யத்தில் நிற்கும்போது பிஸ்டன் இன்னும் 15 டிகிரி கீழே இருக்கிறது. 10 என்று நினைத்து வைத்தது 25. கேம் சரியாக ஒரு பல் முன்னால்.

நாளை பெல்ட்டைத் திருத்தப் போகிறேன். பூட்டும்போது களிமண் வைத்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி பார்த்திருந்தேன்: இன்டேக் 2.3 மி.மீ., எக்ஸாஸ்ட் 4 மி.மீ. அது போதும்தானே?

பழையஇரும்பு:
அந்த அளவு தப்பு டைமிங்ல எடுத்தது, அதை மறந்துடுங்க. கேமை ஒரு பல் பின்னால கொண்டுவந்தா இன்டேக்ல இடம் கூடும், எக்ஸாஸ்ட்ல குறையும். 4 இருந்ததால பெரும்பாலும் பிழைச்சீங்க. எக்ஸாஸ்ட்ல 2.5க்குக் கீழ வந்தா அப்படியே நிறுத்திட்டு எழுதுங்க. பெல்ட் பூட்டினதும் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பார்க்காம ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க. எங்கயாவது கெட்டியா முட்டினா பலம் போடக் கூடாது.

அந்தப் புல்லிக்குப் புதுக் கோடு போட்டு ஓட்டலாம்னு நினைக்காதீங்க. ஒரு தடவை நழுவின வளையம் மறுபடி நழுவும், மொத்தமாக் கழண்டும் ஓடும். மிச்சப் பணம் அதுக்குத்தான். ட்வின் கார்ப் இந்த இன்ஜினுக்கு இப்போ எதுக்கு?

எட்டுவால்வு:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். வேறு புல்லி, பெல்ட் ஒரு பல் பின்னால். எக்ஸாஸ்ட் இடைவெளி 2.8 மி.மீ. வந்தது. கேஜ் நாலிலும் 172–174. நிஜமான 10 டிகிரியில் நாக்கிங் சுத்தமாக இல்லை. 6,000 வரை தொய்வில்லாமல் இழுக்கிறது. மிதித்த கணத்தில் மட்டும் ஒரு சின்னத் தயக்கம்.

லேத்வாசி:
கேம் புல்லி யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் வண்டிப் புல்லியையும் இந்த ஞாயிறு பார்க்க வேண்டும்.

ஜெட்நம்பர்:
இப்போதாவது ஜெட் பேசலாமா? மிதித்த கணத் தயக்கத்துக்கு மெயின் ஜெட் காரணமில்லை. ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜினை நிறுத்தி வைத்து, த்ராட்டிலைக் கையால் திறந்து பாருங்கள். தொட்ட உடனே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். கொஞ்சம் திறந்த பிறகுதான் பீய்ச்சுகிறது என்றால் அப்படிப் பீய்ச்சும் ஆக்ஸிலரேட்டர் பம்பின் லீவரில் ஆட்டம் இருக்கிறது, இல்லை அதன் டயாஃப்ரம் (சவ்வு) காய்ந்திருக்கிறது.

மெயின் ஜெட்டுக்குப் பிறகு வாருங்கள். புதுப் பிளக் போட்டு, வண்டி நடமாட்டமில்லாத நேரான இடத்தில் மூன்றாவது கியரில் முழு த்ராட்டில். 5,500இல் கிளட்சை மிதித்து அதே கணத்தில் இக்னிஷனை ஆஃப் செய்து, உருண்டு நின்றதும் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். சாவியை ஒரே ஒரு சொடுக்கு மட்டும் திருப்புங்கள், அதற்கு மேல் போனால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.