வேலையை விட்டு 14 மாதம்: யூனிட்டை விற்கக் கை வரவில்லை

பனஸ்வாடிக்காரன்:
வயது 46. பெங்களூரில் 22 ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, 14 மாதங்களுக்கு முன் விட்டேன். வீடு சொந்தம், கடன் இல்லை. வீட்டைத் தவிர 3.6 கோடி இருக்கிறது. அதில் 65 சதவீதம் பங்குச் சந்தை மியூச்சுவல் ஃபண்டுகள், மீதி பி.எஃப்., பி.பி.எஃப்., வங்கி டெபாசிட். ஆண்டுச் செலவு 13 லட்சம். முதல் ஆண்டில் சேமிப்பில் நான்கு சதவீதம் எடு, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொள் என்கிற விதிக்குள்தான் இருக்கிறேன். கணக்கு ஒத்துழைக்கிறது, கை ஒத்துழைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3.25 லட்சத்துக்கு ஃபண்ட் யூனிட் விற்க வேண்டும். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து தொகையை அடிக்கிறேன், ஓ.டி.பி.யும் வந்துவிடுகிறது. அந்த ஆறு இலக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்து, நேரம் கடந்ததும் மூடிவைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். இதுவரை டெபாசிட்டைத்தான் தின்றுகொண்டிருக்கிறோம். பேசாமல் எல்லாவற்றையும் விற்று வங்கியில் போட்டுவிடலாமா? ஆறரை சதவீதம் என்றாலும் ஆண்டுக்கு 23 லட்சம் வட்டி. செலவு போக பத்து லட்சம் மிச்சம்.

அல்சூர் ஏரிக்கரை:
போட்டுவிடுங்கள் தம்பி. வட்டி வந்தால் செலவு செய்வீர்கள், முதலைத் தொட மாட்டீர்கள். நிம்மதியாகத் தூங்கலாம். அதற்குத்தானே வேலையை விட்டீர்கள்?

கணக்குப்பிள்ளை:
அந்தப் பத்து லட்சம் மிச்சம் என்பது கானல் நீர். 23 லட்சம் வட்டிக்குப் புதிய வரி முறையில் மூன்று லட்சத்தை ஒட்டி வரி. வரி போக உங்களுக்குக் கிடைப்பது ஐந்தரை சதவீதத்துக்குச் சற்று மேல். விலைவாசி ஆறு சதவீதம் ஏறினால் வட்டியும் விலையும் ஏறக்குறைய சமம். அப்படியானால் கால்குலேட்டர்கூட வேண்டாம், 3.6 கோடியை 13 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: 27 ஆண்டுகள். 73 வயதில் பெட்டி காலி.

ஒரே மூச்சில் விற்பதற்கும் விலை உண்டு. ஃபண்டில் பாதி லாபம் என்று வைத்துக்கொண்டாலும், 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி, அதன் மேல் சர்சார்ஜ், செஸ் என்கிற கூடுதல் வரிகள் எல்லாம் சேர்த்து 15 லட்சத்துக்கு மேல் கட்ட வேண்டும். அதாவது ஒரு வருடச் சாப்பாடு. சிறிது சிறிதாக விற்பவருக்கு ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரியில்லை. வேறு வருமானம் குறைவென்றால் அடிப்படை விலக்கான 4 லட்சத்தில் மிச்சமிருப்பதையும் அந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். (12 லட்சம் வரை வரியில்லை என்கிற சலுகை இந்த லாபத்துக்குப் பொருந்தாது. ஏமாந்துவிடாதீர்கள்.) நீங்கள் ஓ.டி.பி.யைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில் இதெல்லாம் வீணாகிவிட்டது.

அந்த நான்கு சதவீத விதியும் 1994-இல் வில்லியம் பெங்கன் என்கிற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையை வைத்து 30 ஆண்டுக்குப் போட்ட கணக்கு. உங்களுக்குத் தேவை 45 ஆண்டுகள். மூன்று சதவீதத்தை ஒட்டி இருங்கள் என்றுதான் சொல்வேன். பி.எஃப்.பில் சும்மா விட்டுவைத்திருக்கும் பணத்தையும் கவனியுங்கள். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு என்று 2017-இல் நம் பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயமே சொல்லிவிட்டது.

மல்லேஸ்வரம் எட்டாம் கிராஸ்:
வட்டியை நம்புகிறவர்கள் என் அப்பாவின் கதையைக் கேளுங்கள். பொதுத்துறைத் தொழிற்சாலையில் இருந்தார். 2000-இல் விருப்ப ஓய்வு வாங்கினார், 52 வயது. கைக்கு வந்தது 8 லட்சம். அப்போது நீண்டகால டெபாசிட்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வட்டி. மாதம் 6,600 ரூபாய். ஒன்றாம் தேதி வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் அச்சடித்துக்கொண்டு, திரும்பும் வழியில் அரைக் கிலோ காபித்தூள் வாங்கி வருவார். 2004-இல் டெபாசிட் முதிர்ந்து புதுப்பிக்கப் போனபோது வட்டி ஐந்தரை. மாதம் 3,700-கூட இல்லை. முதலில் ஒரு ரூபாய் குறையவில்லை. எங்கள் வீட்டில்தான் எல்லாம் பாதியாயிற்று. காபித்தூள் கால் கிலோ ஆனது, அதிலும் சிக்கரி கூடியது. அப்பா கடைசிவரை "முதல் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அல்சூர் ஏரிக்கரை:
உங்கள் அப்பா நிலைமை எனக்குப் புரிகிறது. என் கதை அதற்கு எதிர்ப்பக்கம். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000. என் ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி ஃபண்டில். அக்டோபரில் 9,000-க்கும் கீழே போனது. நான் தீபாவளிக்கு முந்தின வாரம் விற்றேன். 2010 நவம்பரில் அதே 21,000 திரும்பி வந்துவிட்டது, என் பணம் வரவில்லை. அது தவறு என்று கணக்குப்பிள்ளை சொல்ல வேண்டியதில்லை, எனக்கே தெரியும். சந்தை நன்றாக இருக்கும்போதே தூக்கம் வராத தம்பி, அது பாதியாகும்போது என் தவறைத்தான் செய்வார். என் வாதம் அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, மன்னிக்கவும். உயரத்திலேயே விற்கக் கை வராதவர் பள்ளத்தில் விற்பாரா? இவருடைய நோய் வேறு, உங்களுடையது வேறு.

அல்சூர் ஏரிக்கரை:
நோய் ஒன்றுதான், பயம். எனக்கு விற்கச் சொன்னது, இவருக்கு விற்காதே என்கிறது.

ஜெயநகர் மருமகள்:
ஆண்கள் மூன்று பேரும் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பனஸ்வாடி அண்ணா, அண்ணி வேலைக்குப் போகிறாரா? போகிறார் என்றால் ஓய்வு பெற்றது நீங்கள் மட்டும். என் வீட்டுக்காரரும் 48 வயதில் விட்டார், எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். மருத்துவக் காப்பீடு என் அலுவலகத்தில் ஓடுகிறது, மாமியாருக்கு மருந்து என் சம்பளத்தில். காலை ஏழு மணிக்கு ஹெல்மெட்டை எடுப்பது நான். செய்தித்தாளை மடிப்பது அவர்.

பனஸ்வாடிக்காரன்:
மனைவி பள்ளி ஆசிரியை, மாதம் 45,000. என் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் பதிவைப் படித்ததும் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன். மளிகை, மகளின் டியூஷன், இரண்டு விமான டிக்கெட் எல்லாம் அவள் அட்டையில்தான் போயிருக்கின்றன. செலவு 13 இல்லை, 16-க்குப் பக்கம்.

காப்பீடு: அலுவலகக் காப்பீடு வேலையோடு போயிற்று. வேலையை விட்ட பிறகுதான் தனியாக எடுத்தேன். எனக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். முன்பே எடுத்திருக்கலாம் என்று சொல்லாதீர்கள், சொல்லிவிட்டார்கள்.

டிபன் பாக்ஸ் கட்டுவது நான்தான், அதையாவது எழுதிக்கொள்கிறேன். அடுக்குமாடிச் சங்கச் செயலாளரும் நானே. "நீங்கள்தான் சும்மா இருக்கிறீர்களே" என்று ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் இரவு பதினொன்றுக்கும் தொட்டியில் குச்சி விட்டு அளப்பது என் பொறுப்பு. மேலாளராக இருந்தபோது இத்தனை போன் வந்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
16 என்றால் நாலரை சதவீதத்தை நெருங்குகிறது. இப்போது நானே கவலைப்படுகிறேன்.

ஜெயநகர் மருமகள்:
கவலையை விடுங்கள். அண்ணியிடம் கேட்டாரா என்று கேளுங்கள்.

பனஸ்வாடிக்காரன்:
கேட்டேன். நேற்று இரவு லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "எவ்வளவு?" என்றாள். சொன்னேன். சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, ஓ.டி.பி.யை அடித்து, அழுத்திவிட்டு, அடுத்த தாளை எடுத்தாள். பத்து விநாடி. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது அவள் வேலை. எட்டாம் வகுப்புக்கு டியூஷன் எடுக்க நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன், வாரம் நான்கு நாள். அது பணத்துக்கா, சங்கத்திலிருந்து தப்பிக்கவா என்று கேட்காதீர்கள்.

வங்கிக்கு எல்லாவற்றையும் மாற்றவில்லை. மூன்று ஆண்டுச் செலவை மட்டும் டெபாசிட்டில் வைக்கிறேன், 48 லட்சம்.

அல்சூர் ஏரிக்கரை:
மூன்று போதாது. என்னைப் போன்றவர்களுக்கு ஏழு.

கணக்குப்பிள்ளை:
ஏழு என்றால் பழைய வகுத்தலுக்கே திரும்புவோம். மூன்றே சரி. ஆனால் வங்கி மூழ்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான், பிரித்துப் போடுங்கள்.

பனஸ்வாடிக்காரன்:
48 லட்சத்தை ஐந்தைந்தாக என்றால் பத்து வங்கி. பத்து பாஸ்புக், பத்து வாரிசு நியமனப் படிவம். விட்ட வேலையே பரவாயில்லை.

அல்சூர் ஏரிக்கரை:
பாதியை அண்ணி பேரில் போடுங்கள் தம்பி. ஆளுக்கு ஐந்து வங்கி போதும். விற்கத் தெரிந்தவர் அவர்தான்.