விலையுயர்ந்த பைக்கை வாங்கிவிட்டு ஏன் ஓட்டாமல் வைத்திருக்கிறார்கள்?

சாட்ஸ்வொர்த் தம்பி:
எங்கள் தெருவில் ஒருவரிடம் டுகாட்டி 916 என்ற இத்தாலிய பைக் இருக்கிறது. 1994-இல் வந்த மாடல், மாசிமோ டம்பூரினி வடிவமைத்தது, சீட்டுக்கு அடியில் இரட்டை சைலன்சர், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் மாதக்கணக்கில் கராஜை விட்டு வெளியே வருவதில்லை, வெளியூர் போகிற அன்றும் பழைய ஜப்பான் பைக்கைத்தான் எடுக்கிறார். தென்னாப்பிரிக்காவில், அதுவும் நம் டர்பனில் குளிர்காலத்தில்கூட நன்றாக ஓட்டலாமே, அப்புறம் என்ன தடை? கிலோமீட்டர் ஏறினால் விற்கும் விலை குறையும் என்பதாலா?

ஒர்க்‌ஷாப் அண்ணன்:
விலையும் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் பராமரிப்புதான் தம்பி. டுகாட்டியில் இன்ஜின் வால்வைத் திறப்பதும் கேம் என்ற சுழலும் பாகம்தான், மூடுவதும் கேம்தான், மற்ற வண்டிகளைப் போல மூடும் வேலையை ஸ்பிரிங்கிடம் விடுவதில்லை. டெஸ்மோ என்பது அதுதான். ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளி அளக்க வேண்டும், 916-இல் எட்டு வால்வு, ஆக 16 அளவு. அதைவிட, கேமைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். நம் ராண்ட் நாணயத்தின் மதிப்பு விழுந்தால் இத்தாலியிலிருந்து வரும் பாகத்தின் விலையும் ஏறும். பெல்ட் பழசு என்று வண்டியை எடுக்க மாட்டார், எடுக்காத வண்டிக்கு எதற்குச் செலவு என்று பெல்ட்டை மாற்றவும் மாட்டார். இப்படியே வருடங்கள் போய்விடும்.

உம்லாங்கா அக்கா:
என்னிடம் டுகாட்டியின் பானிகாலே வி4 இருக்கிறது, விலைக்காக நான் அதை நிறுத்தி வைக்கவில்லை. நெரிசலில் உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கும், பின் சிலிண்டர்களின் சூடு தொடையில் ஏறும். ஃப்ரீவேயில் அனுமதி மணிக்கு 120 கி.மீ., அதை முதல் கியரிலேயே தாண்டிவிடும். பந்தயத் தளத்துக்குச் செய்த வண்டிக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் என்ன வேலை? இன்னொன்று, சாப்பிட எங்கேயாவது நிறுத்தினால் பார்வையில் படும் இடமாகத் தேட வேண்டும், திருட்டு பயம் அந்த அளவு. கடைசியில் கை தானாகச் சின்ன வண்டியின் சாவிக்குத்தான் போகிறது.

ஒர்க்‌ஷாப் அண்ணன்:
சரிதான் அக்கா, ஆனால் நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும். பெட்ரோல் பழசாகிப் பிசின் கட்டும், பேட்டரி இறங்கும், டர்பன் உப்புக்காற்றில் போல்ட்டும் செயினும் துருப்பிடிக்கும். டயரில் பள்ளம் புதுசுபோல இருக்கும், ரப்பர் இறுகிப் போயிருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் பாருங்கள், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. இதில் மோசமானது கராஜுக்குள்ளேயே ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகுமளவுக்குச் சூடே ஏறாது, அது ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். அரை மணி நேரமாவது சாலையில் ஓட வேண்டும்.

சாட்ஸ்வொர்த் தம்பி:
அப்படியென்றால் ஞாயிறு விடியற்காலையில் எம்4 சாலை வழியாக பாலிட்டோ ஊர் வரை வரச் சொல்லிக் கூப்பிடலாமா அண்ணா? நெரிசல் இருக்காது, நானும் கூடவே வருவேன் என்றால் திருட்டு பயமும் குறையும்.

ஒர்க்‌ஷாப் அண்ணன்:
தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் முதலில் பெல்ட் எந்த வருடம் மாற்றியது என்று கேளுங்கள், தெரியாது என்றால் மாற்றும் வரை ஸ்டார்ட் பண்ணவே விடாதீர்கள்.