அக்நார் ஸ்டெயினில் கருப்புப் பொடி படிகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் ஒரு நோய்க்குறியியல் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் பிளாக்குகளில் (மெழுகில் பதித்த திசு) அக்நார் (AgNOR) என்ற வெள்ளி ஸ்டெயின் போடுகிறோம். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் என்ற சிறு உருண்டையில் உள்ள சில புரதங்களில் வெள்ளி படிந்து கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். வேகமாகப் பெருகும் கட்டியில் புள்ளிகள் கூடும். அதனால் எண்ணிக்கை தப்பக் கூடாது.

சித்திரை வெயில் ஏறியதிலிருந்து சிக்கல். ஸ்லைடு முழுக்க மிளகுத்தூள் தூவியது போல கருப்புப் பொடி, பின்னணியும் பழுப்பேறிவிடுகிறது. உட்கருவுக்குள் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே திட்டாக நிற்கின்றன. எதை எண்ணுவது?

செக்‌ஷன் (திசுச் சீவல்) 3 மைக்ரான். 50% சில்வர் நைட்ரேட் இரண்டு பங்கு, 1% பார்மிக் அமிலத்தில் கரைத்த 2% ஜெலட்டின் ஒரு பங்கு. இருட்டில் 40 நிமிடம். மதியம் அறை 36 டிகிரி, அங்கே ஏசி கிடையாது.

ஜெலட்டினைப் புதிதாகக் கரைத்தேன், டீஅயனைஸ்டு தண்ணீருக்கு மாறினேன், கண்ணாடிச் சாமான்களை அமிலத்தில் கழுவினேன், ஸ்லைடைக் கவிழ்த்தும் வைத்துப் பார்த்தேன். பொடி போகவில்லை. 25 நிமிடமாகக் குறைத்தால் பொடி குறைகிறது. ஆனால் பக்கத்து லிம்போசைட்டில் (ஒரு வகை வெள்ளையணு) தெளிவாகத் தெரிய வேண்டிய ஒற்றைப் புள்ளியே மங்கிவிடுகிறது. விடியற்காலையில் போட்ட ஸ்லைடு மட்டும் கொஞ்சம் பரவாயில்லை.

பல பிளாக்குகள் ஊசி பயாப்சி. திரும்பத் திரும்ப வெட்டத் திசு இல்லை, அந்த அம்மாக்களிடம் மறுபடி கேட்கவும் முடியாது.

நம்மூர் வெக்கையில் இந்த ஸ்டெயின் போடுகிறவர்கள் எத்தனை டிகிரியில், எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்?