வேஸ்ட்கேட்: கழிவு வாயிலா, மதகா, கலிங்கா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் பழைய டர்போ கார் வாங்குவோருக்கான தமிழ்க் கையேட்டில், டர்போவின் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் ‘வேஸ்ட்கேட்’ என்னும் உறுப்பை எவ்வாறு குறிப்பது என்ற கேள்விக்கு இதுவரை கழிவு வாயில், புறவழி அடைப்பிதழ் (அடைப்பிதழ் என்பது வால்வு), மதகு ஆகிய மூன்று விடைகள் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கையேடு பேசும் கார் ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்ஆர்6 டர்போ. 2002ஆம் ஆண்டு பிஏ வரிசையில் வெளிவந்த இதன் நான்கு லிட்டர், ஆறு உருளை இயந்திரம் ஜீலாங்கிலும், கார் மெல்போர்னின் பிராட்மெடோஸிலும் உருவாயின. 2016 அக்டோபர் 7 அன்று உற்பத்தி நின்றுவிட்டதால் இன்று வாங்கக் கிடைப்பவை எல்லாம் பிறர் ஓட்டிய வண்டிகளே. பட்டறையில் பேசப்படுவது வாங்குபவருக்குத் தெளிவாகப் புரிய வேண்டிய தேவை அதனால்தான் கூடியிருக்கிறது.

சொல்லுக்கு முன் அந்த உறுப்பின் வேலையைப் பார்ப்போம். டர்போவில், இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சுழலியைச் சுழற்ற, அதே தண்டில் பூட்டிய அமுக்கச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உருளைகளுக்குள் செலுத்துகிறது. காற்று கூடினால் எரியும் பெட்ரோலும் கூடும், அதனால் புகை கூடும், புகை கூடினால் சுழலி இன்னும் விரைந்து சுற்றும். இதை எதுவும் தடுக்காவிட்டால் அழுத்தம் ஏறி இயந்திரமே உடைந்துபோகும். ஆகவே அமுக்கிய காற்றின் அழுத்தம் குறித்த அளவை எட்டியதும், அந்த அழுத்தமே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. சவ்வோடு இணைந்த சிறு தண்டு, சுழலிக் கூட்டின் ஓரத்தில் உள்ள கதவைத் திறந்துவிட, மிகுதிப் புகை சுழலியைத் தொடாமலே புகைக்குழாய்க்குப் போய்விடுகிறது. பிஏ வரிசையின் 240 கிலோவாட் திறனும் 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் இந்தக் கதவு காக்கும் எல்லைக்குள் கிடைப்பவை.

இந்த வேலைக்குக் ‘கழிவு வாயில்’ பொருந்தவில்லை. சுழலியைச் சுழற்றும் புகையும் கதவு வழியே போகும் புகையும் ஒன்றுதான். ஒன்று வேண்டிய அளவு, மற்றது மிகுதி. கழிவு என்று எழுதினால், இது மாசு அகற்றும் உறுப்பு என்றே வாசகர் எண்ணுவார். ‘புறவழி அடைப்பிதழ்’ வேறு வகையில் இடர் தருகிறது. இதே காரில், முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் அமுக்கிய காற்றை மீண்டும் உள்வழிக்கே திருப்பும் வால்வு ஒன்று தனியாக உண்டு. புறவழி என்னும் பெயர் அதற்கே உரியது. இரண்டுக்கும் அதே பெயர் இருந்தால், பழுதுபார்க்கும் விலைப்பட்டியலைப் படிப்பவர் எந்த உறுப்புக்குப் பணம் கொடுக்கிறோம் என்று அறியமாட்டார்.

‘மதகு’ நல்ல சொல். அதை முன்மொழிந்தவரின் நோக்கும் சரியான திசையில்தான் செல்கிறது. அணைகளிலும் கால்வாய்களிலும் மிகைநீரை விடும் வாயிலுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரும் வேஸ்ட்கேட்தான். ஆனால் மதகு வழியே போகும் நீர் வயலுக்குப் போகிறது. அது பயன்படும் நீர். டர்போவில் அதற்கு இணையானது சுழலிக்குள் செல்லும் புகை. ஏரி நிரம்பியபின் மிகுதி நீர் கரையை உடைக்காமல் வெளியேறும் இடம் கலிங்கு. வட மாவட்டங்களில் இதைக் கலங்கல் என்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் குளம் மறுகால் பாய்ந்தது என்பார்கள். நம் உறுப்பின் பணி இதுவேதான்.

இங்கே ஈழத்து நண்பர்களின் சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். அங்கே குளம் நிரம்பி மிகுதி நீர் வெளியேறுவதை வான் பாய்கிறது என்பார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதாக மழைக்காலத்தில் செய்தி வரும். கலிங்கு பெரும்பாலும் அசையாத கற்கட்டு, வான்கதவோ திறந்து மூடும் கதவு என்பதால், கருத்தளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. மெல்போர்னிலும் சிட்னியிலும் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் ஈழத்தமிழர் மிகப் பலர் என்பதும் அதற்குச் சாதகம். எனினும் ஈழத்து எழுத்து வழக்கில் வேன் என்னும் வண்டியும் ‘வான்’ என்றே எழுதப்படுகிறது. கார் பற்றிய நூலில் வான்கதவு என்று வந்தால் வண்டியின் கதவாகவே படிக்கப்படும். வேறு துறையாக இருந்திருந்தால் நான் அதற்காகவே வாதிட்டிருப்பேன்.

எனவே என் முன்மொழிவு ‘கலிங்குக் கதவு’. கையேட்டின் வரிகளில் அதை வைத்துப் பார்த்தேன். “குளிர்ந்த இயந்திரத்தை இயக்கியதும் கலிங்குக் கதவின் பக்கம் கடகடவென்று ஒலித்தால் அதன் தண்டும் மூட்டும் தேய்ந்திருக்கலாம்.” “கதவு முழுதாக மூடாவிட்டால் அழுத்தம் ஏறாமல் கார் சோம்பும். திறக்காமல் சிக்கிக்கொண்டால் அழுத்தம் எல்லை மீறும்.” இரண்டும் தடையின்றி விளங்குகின்றன.

இந்தச் சொல்லால் இன்னொரு பயனும் உண்டு. கலிங்கில் நட்ட குத்துக்கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்துக் கூடுதல் நீர் தேக்குவது பழைய வழக்கம். பெருமழை வந்தால் கரைக்கு ஆபத்து. திறனைக் கூட்ட விரும்பும் உரிமையாளர்கள் கணினி நிரலை மாற்றி, கதவு திறப்பதைத் தள்ளிப்போடுவதும் அதே செயல். இதைக் ‘கலிங்கடைப்பு’ என்று குறிக்கலாம். பிஏ வரிசையிலும் அடுத்து வந்த பிஎஃப் வரிசையிலும் உள்ள இயந்திரங்களின் வால்வுச் சுருள்வில்கள் வலுக்குறைந்தவை. கூடுதல் திறனில் எண்ணெய்ப் பம்பின் பற்சக்கரம் உடைவதும் அறிந்த குறை. ஆகவே வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, “கலிங்கடைப்பு செய்த வண்டியா? செய்தவர் யார், வில்களும் பம்பும் மாற்றப்பட்டனவா?” என்பதே.

மற்ற இரு சோதனைகளுக்குப் புதுச்சொல் தேவையில்லை. டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயிலுள்ள சிறு வடிகட்டி அடைத்துக்கொண்டால் அதன் தண்டைத் தாங்கும் தாங்கிகள் (பேரிங்) எண்ணெயின்றித் தேயும். இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் தானியங்கிப் பெட்டி கொண்டவற்றில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி உள்ளே கசிந்து, ரேடியேட்டர் நீர் கியர் எண்ணெயில் கலந்தால் பெட்டியே பாழாகும். எளிய தமிழில் இவை எழுதப்பட்டுவிட்டன. டர்போ என்னும் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் காணப்படும் ‘சுழலி மின்னூட்டி’ மட்டும் நீங்க வேண்டும். இங்கே ஊட்டப்படுவது காற்று, மின்சாரம் அன்று.

சவ்வையும் தண்டையும் கொண்ட அமைப்புக்குக் ‘கலிங்கு இயக்கி’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய உறுப்பினர்கள் யாரேனும் கலிங்கின் பலகையை ஏற்றி இறக்கும் அமைப்புக்கு ஊர் வழக்கில் பெயர் அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.