பல அறை மரத்தட்டு: மருந்துக்கடைச் சாமானா, அச்சகத்துக் கேஸா?

டவுன்_பழசு: பாளையங்கோட்டைப் பக்கம் பழைய சாமான் கடைக்கு வந்த தேக்குத் தட்டு. நீளம் 32 அங்குலம், அகலம் 14, உயரம் ஒன்றேகால். மூடி கிடையாது. பெரிதும் சிறிதுமாக ஐம்பதுக்கு மேல் அறைகள். நடுப்பக்கம் ஒன்று மட்டும் ரொம்பப் பெரிசு. முன்னால் பித்தளைப் பிடி. சில அறைகளில் மஞ்சள் கறை. எதற்குச் செய்தது?

மருந்துச்சரக்கு: நாட்டு மருந்துக்கடைத் தட்டு. திப்பிலிக்குச் சின்ன அறை, கடுக்காய்க்குப் பெரிய அறை. கறைமேல் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணி ஒரு சொட்டு விடுங்க. சிவந்தால் அது மஞ்சள்தூள்தான்.

ஈயஎழுத்து: அண்ணாச்சி, சோதனை சரிதான். ஆனா கடைசியா அதில் என்ன கிடந்ததுன்னுதான் அது சொல்லும். இது அச்சகத்து எழுத்துக் கேஸ், அதாவது அச்சடிக்கிற ஈய எழுத்தை வகைவகையாப் பிரிச்சு வைக்கிற தட்டு. மூடியில்லாத தட்டில் திப்பிலியைப் போட்டு வச்சா ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிச்சிரும். ஆழத்தையும் பாருங்க, ஒரு அங்குலம்தான். ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது 23.3 மி.மீ. அச்சுக் கோக்கிறவர் கண்ணைக் கையெழுத்துப் பிரதியில் வச்சுக்கிட்டு விரல் நுனியால எழுத்தை எடுக்கணும். அறை ஆழமா இருந்தா விரல் மாட்டும். தட்டைக் கவிழ்த்து இரண்டு பக்க அடிவிளிம்பையும் பாருங்க. கேஸ்களை அடுக்குற ஸ்டாண்டுக்குள்ளே இழுத்துத் தள்ளின தேய்மானம் நீளவாக்கில் இருக்கும்.

செங்கோட்டை_வாசல்: திருவிதாங்கூர்ச் சக்கரக் காசை எண்ணுற சக்கரப் பலகையா இருக்கக்கூடாதா? செங்கோட்டை முன்னே திருவிதாங்கூரில்தானே இருந்தது.

ஈயஎழுத்து: இல்லை. சக்கரப் பலகையில் குழியெல்லாம் ஒரே அளவு, குழிக்கு ஒரு காசு. அள்ளிப் போட்டு ஆட்டி, மிச்சத்தை வழிச்சா எண்ணிக்கை தானா வந்துரும். அறை பெரிசும் சிறிசுமா இருந்தா எண்ண வழியே கிடையாது.

மருந்துச்சரக்கு: கேஸுன்னே வைங்க. ஐம்பது சொச்சம் அறை தமிழுக்கு எப்படிக் காணும்? உகர, ஊகார வரிசை மட்டுமே 36 எழுத்து. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தின ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேற வடிவம், தனி வார்ப்பு. கணக்கு உதைக்குதே.

ஈயஎழுத்து: நல்ல கேள்வி. அந்தக் கணக்காலதான் இதை ஆங்கிலச் சிற்றெழுத்துக் கேஸுன்னு சொல்றேன். அந்தப் பெரிய அறை, ஆங்கிலத்தில் அதிகம் புழங்குற 'ஈ' எழுத்துக்கு. அரிதா வர்ற 'இசட்', 'க்யூ' எல்லாம் ஓரத்துச் சின்ன அறை. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் அச்சகம் உண்டு. இரண்டு மொழியும் அடிக்கிற இடத்தில் இரண்டு விதக் கேஸும் வேணும்.

மருந்துச்சரக்கு: அந்த மாதிரியைப் பார்த்து உள்ளூர்த் தச்சர் கடைக்காகச் செய்திருந்தா? தேக்கு நம்ம பக்கத்து மரம்தானே. மரத்தை வச்சு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஈயஎழுத்து: மரத்தை விடுங்க, அறைத் தடுப்பு அடிப்பலகையைச் சந்திக்கிற இடுக்கைப் பாருங்க. ஊசியால நெம்பினா உடைஞ்ச எழுத்தோ, எழுத்தில்லாத இடைவெளித் துண்டோ சிக்கும். ஈரப்பஞ்சால துடைச்சுப் பார்த்து, சாம்பல் கருப்பா வந்தா, ஈயத்தைச் சந்தேகப்படணும்; வெள்ளைப் பொடி இருந்தா அது ஈயம் அரிச்சது. எழுத்து வார்க்கிறது ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்து. அதனால டவுன்காரரே, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, தூசி மூச்சில் போகும். ஊதவும் வேண்டாம். கையுறை போட்டு, சோப்புத் தண்ணியில் நனைச்சுப் பிழிஞ்ச துணியால அறை அறையாத் துடைச்சு, துணியைத் தூரப் போட்டுருங்க. துடைச்ச பிறகும் கடுகு, மஞ்சள், பிள்ளைங்க விளையாட்டுச் சாமான் எதையும் அதில் வைக்கவே கூடாது.

மருந்துச்சரக்கு: அந்த எச்சரிக்கைக்கு நானும் கை தூக்குறேன். இடுக்கில் என்ன சிக்குதுன்னு படம் போடுங்க. அதுவரை கடைத்தட்டுங்கிற பேச்சை நான் விடப்போறதில்லை.